ஐந்து மணிக்கு மேல் அஞ்சலை

ரங்கூனுக்கு அக்கரையில், சிரியத்தில் என் தம்பி வீட்டில் இருந்தேன். தம்பி மனைவிக்குப் பிரசவமாகி எட்டாம் நாள். விடாத மழை. முற்பகலில் வாசலில் ஒருத்தி குடையை மடக்காமலே நின்றாள். யாரென்று பார்த்தால் டோ மியா. ரங்கூன் கெமண்டைனில் எங்கள் வளவு வாசலில் தினமும் மொகிங்கா என்ற மீன் குழம்புச் சேவை விற்கிற பர்மிய அம்மாள். மீன் குழம்புப் பானையை ஒரு நாளும் அடுப்பிலிருந்து இறக்காதவள், அதை அப்படியே விட்டுவிட்டு நீராவிப் படகில் ஆற்றைக் கடந்து வந்திருந்தாள்.

"வாத்தியாரம்மா, மா அஞ்சலை இல்லே. விடியக்காலம் போச்சு" என்றாள். எங்கள் வளவுத் தையல்காரி அஞ்சலையை அவள் மரியாதையாக 'மா' சேர்த்துத்தான் சொல்வாள். நான் கேட்குமுன் அவளே சொன்னாள்: "வேற ஆளு வந்து சொன்னா வேற மாதிரி சொல்லும். அதான் நான் வந்தது."

அவள் சொன்னது சரி. போட்டாதாங் துறையில் இறங்கி டிராம் பிடித்து நாங்கள் வந்து சேர்வதற்குள் அஞ்சலையை எடுத்துவிட்டிருந்தார்கள். முகம் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் அந்த "வேற மாதிரி" மட்டும் எனக்காகக் காத்திருந்தது. வளவு முழுவதும் ஒரே பேச்சு. மீன் பைத்தியம் பிடித்து மழையில் நனைந்து நனைந்து உயிரை விட்டாள், பாவம்.

ஐந்தாம் நாள் மேஸ்திரி வையாபுரி என் வீட்டுக்கு வந்தார். அவரை உங்களுக்கெல்லாம் தெரியும். துறைமுகத்தில் ஐம்பது பேருக்கு மேஸ்திரி. இந்த வளவைக் குத்தகைக்கு எடுத்து நம் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் விட்டிருப்பவர். "காரியத்தன்னிக்கு நாலு வார்த்தை படிக்கணும், நீங்கதான் எழுதணும்" என்றார். "நல்ல உழைப்பாளி, அடக்கமானவன்னு எழுதுங்க. அந்தத் தூண்டில் சமாசாரம் மட்டும் வேண்டாம். வெளி ஆளுங்க வருவாங்க. பொம்பளைக்கு அது அழகா இருக்காது." நான் தலையை ஆட்டினேன். தலையாட்டுவது எனக்குப் பழைய வழக்கம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அவர் போன பிறகு பேனாவை எடுத்து "உழைப்பாளி" என்று எழுதினேன். "அடக்கமானவள்" என்று எழுதப் போனபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஆகையால் மேஸ்திரியாரே, மன்னிக்க வேண்டும். தூண்டிலிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

அது நம் ஊர்த் தூண்டில் இல்லை. புழுவும் கிடையாது, தக்கையும் கிடையாது. மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற மூங்கில் கம்பு, அடியில் நூலைச் சுற்றிக்கொள்ள ஒரு பித்தளை உருளை. அஞ்சலையின் கணவர் வடக்கே காட்டிலாகாத் துரை ஒருவரிடம் பத்து வருஷம் சமையல்காரராக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது, நுனி முறிந்துபோன பழைய கம்பு ஒன்றை வீசிவிட்டுப் போனார். அதை அவர் எடுத்து வந்தார். கணவர் இறந்த பிறகு ரங்கூனுக்கு வந்த அஞ்சலை, முறிந்த இடத்தைத் தையல் நூலால் நெருக்கச் சுற்றி, பர்மியர் கிண்ணங்களுக்குப் பூசுகிற கறுப்பு அரக்கைப் பூசிக் காயவைத்தாள். வாசலில் உட்கார்ந்து எஞ்சி தைப்பது அவள் பிழைப்பு. இங்கே பர்மியப் பெண்கள் போடும் அந்தச் சட்டையின் கழுத்தை அவளைப் போல வெட்ட கெமண்டைனில் ஆள் இல்லை. அந்தத் தையல் நூலில்தான் பொய்ப்பூச்சியும் பிறந்தது.

பொய்ப்பூச்சி என்பது அவள் வைத்த பெயர். சின்ன முள்ளில் நூலைச் சுற்றி உடம்பு. வெள்ளை இறகைக் கத்தரித்து இரண்டு சிறகு. ஈசலைப் போலவே இருக்கும். மழை விட்டு வெயில் சாய்கிற நேரத்தில் மண்ணிலிருந்து ஈசல் கிளம்புகிறதல்லவா, அது தண்ணீரில் விழுந்ததும் மீன் மேலே வந்து கவ்வும். அந்த ஒரு மணி நேரம்தான். இருட்டிவிட்டால் மீனுக்கும் கண் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மழை இல்லாத நாளில் ஈசலும் இல்லை.

இறகுக்கு அவள் போன இடம்தான் வம்பு. வளவில் வெள்ளைச் சேவல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது மேஸ்திரியுடைய சண்டைச் சேவல். ஒரு ஆவணி மாதத்தில் அதன் கழுத்து மொட்டையாகிக்கொண்டே வந்தது. சேவலுக்கு ஏதோ நோய் என்று மேஸ்திரி மஞ்சள் அரைத்துத் தடவினார், வேப்பிலை போட்டார், கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். அஞ்சலை ஊசியில் நூல் கோத்தபடி, "பாவம், குளிரும்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு உண்மை தெரியும். சேவல் அவள் மடியில் உட்கார்ந்து, அரிசி கொத்திக்கொண்டு, இறகு கொடுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். இன்றுதான் இதை வெளியில் சொல்கிறேன். சேவல் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, ஆகையால் மேஸ்திரியார் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இனி மண்வெட்டி விஷயம். வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரங்கூன் மழையில் இந்த வளவு முற்றம் ஒரு நாள் கவனிக்காவிட்டால் குளமாகிவிடும். சாக்கடையில் இறங்கும் வண்டலை வாரவேண்டும். விறகைப் பலகைமேல் ஏற்றவேண்டும். கிணற்றடிப் பாசியைச் சுரண்டவேண்டும். வாசலிலிருந்து கிணறு வரைக்கும், கிணற்றிலிருந்து கக்கூசு வரைக்கும் நடைபாதையில் கரித்தூள் கொட்டவேண்டும். இதற்கு முறை உண்டு. யார் வாசலில் மண்வெட்டி சாத்தியிருக்கிறதோ அன்றைய வேலை அந்த வீட்டுடையது. விளக்கு வைக்கும்வரை அந்த வீட்டாள் வளவைவிட்டுப் போகக்கூடாது. விளக்கு வைத்ததும் மண்வெட்டி அடுத்த வாசலுக்குப் போகும். பன்னிரண்டு வாசல் என்பது பேச்சுக்குத்தான். ஆண்கள் விடியுமுன் துறைமுகத்துக்குப் போய் இருட்டித்தான் வருவார்கள் என்று சொல்லி, மண்வெட்டி பகலில் பெண்கள் இருக்கிற நான்கு வாசலையே சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்கு வருகிற என் வாசலும் அதில் ஒன்று.

நாங்கள் எப்படிச் செய்வோம்? மழை விடட்டும் என்று காத்திருப்போம். விட்டதும் இறங்குவோம். வண்டல் கனத்துப் படிந்திருக்கும், கால் முழங்கால்வரை புதையும், வாரி வாரிக் கொட்டி முடிக்கும்போது இருட்டிவிடும். அஞ்சலை மட்டும் கொட்டுகிற மழையில் இறங்குவாள். தலையில் பர்மியக் குடியானவர்களின் மூங்கில் தொப்பி, லோஞ்சியை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, சாக்கடையில் நின்று வண்டலைக் கிளறிவிடுவாள். அவ்வளவுதான். மழைத்தண்ணீரே அதை இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். "மழை வேலையை மழையோட முடிச்சிடணும் வாத்தியாரம்மா. அது விட்டப்புறம் இறங்கினா அது செய்ய வேண்டியதையும் சேத்து நாமே செய்யணும்" என்பாள். பாசியும் அப்படித்தான், நனைந்திருக்கும்போது சுரண்டினால் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். நாங்கள் இருட்டும்வரை மல்லுக்கட்டும் வேலை அவளுக்கு ஐந்து மணிக்கு முடிந்துவிடும். மழை விடும், ஈசல் கிளம்பும், அவள் கம்பை எடுத்துக்கொண்டு வளவுக்குப் பின்னால் உள்ள குளத்துக்குக் கிளம்புவாள். பழைய செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி அது. ஆடியில் நிரம்பினால் கார்த்திகைவரை கண்ணாடியாக நிற்கும்.

அவளை ஒரேயடியாகப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மழை நாளில் கேட்ட எஞ்சி மழை நாளில் கிடைக்காது. கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த ஒரு பெண் வாசலில் நின்று அழுததை நானே பார்த்திருக்கிறேன். வாய் பொல்லாதது. நூல் தண்ணீரில் மிதக்க வேண்டும் என்று என் நெய்ச் சம்படத்தில் விரலை விட்டு எடுத்துப் பூசுவாள். "சைவ நெய், மீன் பிடிக்க ஆகாது" என்று நான் கத்தினால், "மீன் திங்கறது நூலையா?" என்பாள். பிடிப்பதில் பெரிதாக ஒன்றிரண்டை டோ மியாவின் பானைக்குக் கொடுப்பாள். மற்றதையெல்லாம் முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவாள். இதற்குத்தான் ஊர் சிரித்தது. தின்பதற்குப் பிடித்தால் ஏழை என்று விட்டுவிடுவார்கள். சும்மா பிடிக்கிறாள் என்றால் எப்படிப் பொறுப்பார்கள்?

நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஆடி மாதம், மேஸ்திரி சீக்கிரம் வீடு திரும்பினார். மண்வெட்டி அஞ்சலை வாசலில் இருந்தது. அஞ்சலை குளத்தில் இருந்தாள். அன்று ராத்திரியே வளவுக் கூட்டம். தாலியறுத்தவள் பொழுது சாயும் நேரத்தில் தனியாகக் குளத்தங்கரையில் துரை மாதிரிக் கம்பை வீசிக்கொண்டு நிற்பது வளவுக்கே அவமானம் என்றார்கள். வேலை குறைவு என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல முடியாது, முற்றம் துடைத்துவைத்தது போல இருந்தது. தீர்ப்பு இது: மழைக்காலம் முடியும்வரை மண்வெட்டி அஞ்சலை வாசலிலேயே இருக்கவேண்டும், விளக்கு வைக்குமுன் அவள் வளவைவிட்டு வெளியே போகக்கூடாது.

வளவு நோட்டில் அதை எழுதியது யார் என்று கேட்கிறீர்களா? நான். எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான்தானே. நானும் அவளைப் போலத் தாலியிழந்தவள்தான், பன்னிரண்டு வயதில் இழந்தேன். பள்ளிக்கூட வேலையைப் பிடித்துக்கொண்டு, யார் வாயிலும் விழாமல் காலம் தள்ளியவள். எனக்கு நியாயம் தெரிந்தது. வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு அழகான எழுத்தில் எழுதினேன்.

அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "எழுதியாச்சா வாத்தியாரம்மா? பிழையில்லாம இருக்குல்ல?" என்றாள். குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே கேட்டாள். மறுநாள் காலையில் வழக்கம்போல என் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். நெய் மட்டும் கேட்கவில்லை.

எட்டு நாள் அவள் தீர்ப்புப்படி இருந்தாள். ஐந்து மணிக்கு வேலை முடியும். வாசல்படியில் உட்கார்ந்து, முற்றத்துக்கு மேலே ஈசல் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தைக்கமாட்டாள், பேசமாட்டாள். அவளை அப்படிப் பார்ப்பது எனக்குக் கசந்தது. ஒன்பதாம் நாள் மேஸ்திரிக்கு வேலை இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து மணி, மழை விட்டுச் சுள்ளென்று வெயில். அஞ்சலை உள்ளேயிருந்து அரிக்கன் விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து வளவு வாசல் தூணில் மாட்டினாள். கம்பைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, வெயில் அடிக்குது, விளக்கு என்னத்துக்கு?" என்றார் மேஸ்திரி.

"விளக்கு வெச்சப்புறம்தானே போகலாம். வெச்சாச்சு மேஸ்திரியாரே. நீங்க வெறுங்காலோட வளவை ஒரு சுத்து சுத்திப் பாருங்க. கால்ல சேறு ஒட்டுச்சுன்னா ஆள் அனுப்புங்க, திரும்பி வர்றேன்."

அவர் நிஜமாகவே செருப்பைக் கழற்றினார். வாசலிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து கக்கூசுக்கும், விறகுக் கொட்டகையைச் சுற்றியும் நடந்தார். பன்னிரண்டு வீட்டு ஜன்னலும் திறந்திருந்தன. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார், பிறகு மறு காலைத் தூக்கிப் பார்த்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் மண்வெட்டி தானாகவே அடுத்த வாசலுக்கு நகர்ந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் நான்கு வாசல்காரிகளும் மழையில் இறங்கப் பழகிவிட்டோம். எங்கள் விளக்குகளும் ஐந்து மணிக்கே எரிந்தன. நோட்டில் நான் எழுதியதை ஒருவரும் அடிக்கவில்லை, ஒருவரும் படிக்கவும் இல்லை.

அன்று அவள் பின்னாலேயே நானும் குடையை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். அதுவரை அவள் மீன் பிடிப்பதை நான் பார்த்ததில்லை. எட்டு நாள் பட்டினி கிடந்தவள் போல வீசுவாள் என்று நினைத்தேன். அப்படியில்லை. நூலைத் தலைக்குமேல் பின்னும் முன்னுமாக இரண்டு தரம் போகவிட்டு, மூன்றாம் தரம் தண்ணீர்மேல் படுக்கவைத்தாள். சத்தமே இல்லை. பொய்ப்பூச்சி உண்மையான ஈசல்களுக்கு நடுவே விழுந்து கிடந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எம் புருசன் பத்து வருசம் துரைக்குப் பின்னால இந்தக் கம்பைத் தூக்கிட்டு நடந்தாரு. ஆத்தங்கரையில நின்னு பூச்சி கட்டிக் குடுப்பாரு, பிடிச்ச மீனை வறுத்துக் குடுப்பாரு. ஒரு நாளும் அவரு கையால வீசினதில்லே. ஆசையா இருந்திச்சான்னு சாகக் கிடந்தப்ப கேட்டேன். இருந்திச்சு, யாரும் போடுன்னு சொல்லலேன்னாரு. நான் யாரு சொல்லுறதுக்கும் காத்திருக்கப் போறதில்லே வாத்தியாரம்மா."

அதற்குள் ஒரு கெண்டை கவ்வியது. கம்பு வளைந்தது. அவள் சிரித்த சிரிப்பை நான் வளவில் ஒரு நாளும் கேட்டதில்லை. மன்னிப்பை நான் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அந்தக் குற்றம் என்னிடம்தான் இருக்கிறது.

இப்போது அவள் சாவுக்கு வருகிறேன். மீன் பிடிக்கப் போய் நனைந்து செத்தாள் என்கிறீர்கள். மழையில் நனைந்தால் சாவு வரும் என்றால் ரங்கூனில் ஐப்பசிக்கு ஒரு ஆளும் மிஞ்சியிருக்கமாட்டான். நனைந்தாள், உண்மைதான். எங்கே நனைந்தாள்? நம் சாக்கடையில். நம் கிணற்றடியில். நம் விறகைத் தூக்கிப் பலகைமேல் அடுக்கும்போது. மூன்று மணி, நாலு மணி நேரம் இந்த முற்றத்தில் நனைந்தது ஒன்றும் செய்யவில்லை, மழை விட்ட பிறகு குளத்தங்கரையில் நின்ற ஒரு மணி நேரம் கொன்றுவிட்டதா? டாக்டர் தெளிவாகச் சொன்னார், முறைக்காய்ச்சல் என்று. கணவரோடு காட்டில் இருந்த நாளிலிருந்தே அது அவளை விட்டு விட்டு வந்து பிடிக்கும். இந்தத் தடவை விடவில்லை. படுத்த மூன்று நாளும் டோ மியாதான் பக்கத்தில் இருந்தாள். அவள் சொன்னாள், கடைசி நாள் சாயங்காலம் மழை விட்டதும் அஞ்சலை கண்ணைத் திறந்து, "மணி என்ன?" என்று கேட்டாளாம். அஞ்சு என்று இவள் சொன்னாளாம். "அப்ப என்னை யாரும் கூப்பிடாதீங்க" என்றாளாம். பிறகு அவள் பேசவில்லை.

அவளுடைய மாலை நேரத்தை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவளாக மழையில் இறங்கி உழைத்து, நம் எல்லோருடைய முகத்துக்கும் முன்னால் எடுத்துக்கொண்டாள். செத்த பிறகு அதை அவளிடமிருந்து திரும்பப் பிடுங்கிக்கொண்டு, நல்ல உழைப்பாளி என்று மாலை போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். உழைப்பாளிதான். எதற்காக உழைத்தாள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அஞ்சலை.

கம்பு டோ மியாவிடம் இருக்கிறது. அஞ்சலையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், அதுதான் முறையும். எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், பொருளாக ஒன்றும் இல்லை. கொட்டுகிற மழையில் இறங்கக் கால் தயங்குவதில்லை. தலை முன்னைப் போல எதற்கும் ஆடுவதில்லை. நேற்று மண்வெட்டி என் வாசலில் இருந்தது. காலையிலேயே விறகையும் பாசியையும் முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்து சாக்கடையில் இறங்கினேன். ஐந்தேகாலுக்கு முடித்தேன். துக்கம் கழியுமுன் வெளியே போகலாமா என்று ஜன்னல் வழியாக ஒரு குரல் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. மீன் தின்னவும் மாட்டேன். குளத்தங்கரையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்றும் போவேன். வளவுக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஐந்து மணிக்கு மேல் என்னைத் தேடி ஆள் அனுப்ப வேண்டாம்.